ஊருக்குக் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்: ஆயில், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட் கேள்வி பதில்

பெங்களூரில் கார் ஓட்டும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்பதற்கு உங்கள் காரின் மேனுவல் சொல்வதே கணக்கு. ஒரே ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு முறை அளவு பார்க்கும்போதும் தேதியையும் கிலோமீட்டரையும் போனில் குறித்து வையுங்கள். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால்தான் எஞ்சினின் நிலைமை தெரியும். குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தால், அது எங்கே போகிறது என்பது கடைசி வரை தெரியாமலே போய்விடும்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: அண்ணா, கார் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, பானெட்டைத் திறந்ததே இல்ல. ஆயில் அளவை நானே பார்க்கலாமா? அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல வச்சே பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம்மா. பேஸ்மென்ட்டில் தரை சமமாக இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். ரேம்ப்பில் கார் சாய்ந்து நின்றால் அளவு தப்பாகக் காட்டும். மூடிய பேஸ்மென்ட்டில் எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு வேலை பார்க்க வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து எஞ்சினை அணைத்து, கை பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். 5 முதல் 10 நிமிடம் பொறுங்கள். மேலே ஏறிய ஆயில், எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். சில கார்களின் மேனுவல் எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்கச் சொல்லும். அந்தக் கார்களுக்குக் காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் பார்ப்பதே சரி. துப்பட்டா, கழுத்துச் செயின், ஆபீஸ் ஐடி கார்டு தொங்கும் நாடா எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம், அதன் பக்கம் கையே போகக் கூடாது. ஹைப்ரிட் கார் என்றால் எஞ்சின் நின்றிருந்தாலும் வண்டி ஆனில்தான் இருக்கும். பவரை முழுக்க அணைத்துவிட்டுத்தான் பானெட்டைத் தூக்க வேண்டும், உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே கூடாது.

ஆயில் அளவு காட்டும் கம்பிதான் டிப்ஸ்டிக். அதன் பிடி பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு வளையமாக இருக்கும். முதல் தடவை இழுத்ததும் தெரியும் அளவை நம்பாதீர்கள். பனியன் வேஸ்ட்டில் சுத்தமாகத் துடைத்து, அடி வரை உள்ளே அழுத்தி, மறுபடி இழுத்து, படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். முனையை மேலே தூக்கினால் ஆயில் கம்பியில் வழிந்து அளவு கூடுதலாகத் தெரியும். இரண்டு பக்கத்தையும் பாருங்கள். இழுக்கும்போது குழாயில் உரசி ஒரு பக்கம் கூடுதலாக ஒட்டியிருக்கலாம், குறைவாகக் காட்டும் பக்கத்தையே கணக்கில் எடுங்கள்.

இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருந்தால் நல்லது. பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே சுமார் 1 லிட்டர் பிடிக்கும், சின்ன எஞ்சின்களில் அதைவிடக் குறைவு. அதனால் 200 மில்லி ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

கே.ஆர்.புரத்திலிருந்து: சர்வீஸ் விட்டு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடல, ஆயில் கருப்பாயிடுச்சு. மெக்கானிக் மாத்தலையோன்னு சந்தேகமா இருக்கு.

டீசல் கார் என்றால் கொஞ்ச தூரத்திலேயே கருத்துவிடும். கரியைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று. நிறத்தை விடுங்கள், வேறு மூன்றைப் பாருங்கள். விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடுகிறதா? முகர்ந்தால் பெட்ரோலோ டீசலோ வாடை அடிக்கிறதா? பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா? மூன்றாவது இருந்தால் ஆயிலில் கூலன்ட் கலக்கிறது, சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் என்ற சீலைச் சந்தேகப்பட வேண்டும், காரை ஓட்டக் கூடாது. ஆனால் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் மஞ்சள் பசை கொஞ்சம் ஒட்டியிருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால் பயப்பட வேண்டாம். எஞ்சின் முழுதாகச் சூடாகாத குட்டிப் பயணங்களில் தேங்கும் ஈரப்பதம் அது.

மாரத்தஹள்ளியிலிருந்து: சார், டீசல் பி.எஸ்.6 வண்டி. தினமும் ஒயிட்ஃபீல்டு ஆபீஸுக்கு ஊர்ந்துதான் போறேன். ஆயில் குறையாம, கூடிக்கிட்டே போகுது. எப்படி?

நல்லவேளை கவனித்தீர்கள். பலர் ஆயில் குறையவில்லையே என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடுவார்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் சைலன்ஸர் பாதையில் டி.பி.எஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் அதை எரித்துச் சுத்தம் செய்ய 600 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்துக்காக, பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் இன்ஜெக்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால் அந்த வேலை ஒழுங்காக முடிந்துவிடும். நீங்கள் பாதியிலேயே ஆபீஸ் வந்து எஞ்சினை அணைத்தால் அரைகுறையாக நிற்கும், மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இப்படித் திரும்பத் திரும்பத் தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி சம்ப்பில் சேர்கிறது. உங்கள் டிப்ஸ்டிக்கில் கூடியிருப்பது டீசல்தான்.

டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போகும். முதலில் அடிபடுவது டர்போவின் பேரிங். அளவு எல்லை மீறினால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியைத் திருகினாலும் நிற்காமல் ஓடும் அபாயமும் உண்டு.

மேல்குறியைத் தாண்டியிருந்தால் கொஞ்சம் வடித்துவிட்டுச் சமாளிக்காதீர்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். டி.பி.எஃப்புக்கு ஏற்ற, சாம்பல் குறைந்த வகை ஆயிலைத்தான் மேனுவல் சொல்லியிருக்கும், அதையே வாங்குங்கள். அதற்குப் பிறகு வாரம் ஒரு முறையாவது நைஸ் ரோட்டிலோ ஓசூர் பக்கமோ 15, 20 நிமிடம், ஆர்.பி.எம் 2,000க்குக் கீழே இறங்காமல் சீராக ஓட்டுங்கள். டி.பி.எஃப் விளக்கு எரிந்தால் அன்றைக்கே அப்படி ஓட்டிவிடுங்கள். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் ஊர்பவருக்கு டீசல் கார் தோதுப்படாது, அடுத்த கார் வாங்கும்போது இதையும் யோசியுங்கள்.

எஜிபுராவிலிருந்து: ஆயில் மாத்தும்போது டப்பாவில் மிச்சம் இருந்ததை வீணாக்க வேண்டாம்னு மெக்கானிக் முழுசா ஊத்திட்டார். மேல்குறிக்கு மேல ஒரு விரல் அளவு நிக்குது. ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடிபட்டு நுரை கிளப்பும், நுரையைப் பம்ப் சரியாகத் தள்ள முடியாது, பேரிங்குகளுக்குப் போக வேண்டிய பிரஷர் விழும். சீல்கள் வழியே கசியவும் செய்யும். டிப்ஸ்டிக் குழாயில் மெல்லிய ட்யூபை விட்டு சிரிஞ்சால் உறிஞ்சலாம், அல்லது வொர்க்‌ஷாப்பில் அடி நட்டைத் தளர்த்தி வடிக்கச் சொல்லலாம். சின்ன ஹேட்ச்பேக்குகள் பலவற்றுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3 லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும், டப்பாவோ மூன்றரை லிட்டராக வரும். மிச்சத்தை மூடி வாங்கிக்கொள்ளுங்கள், டாப்-அப்புக்கு உதவும். ஜே.சி. ரோட்டில் நீங்களே ஆயில் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் மூடியின் சீல், பேட்ச் எண், தயாரித்த தேதி மூன்றையும் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

பனசங்கரியிலிருந்து: கூலன்ட் டப்பாவில் கீழ்க்குறிக்கு வந்துடுச்சு. குழாய்த் தண்ணி ஊத்தலாமா? ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்க்கணுமா?

முதலில் மூடி. எஞ்சின் சூடாக இருக்கும்போது தொடாதீர்கள். உள்ளே பிரஷர் குக்கர் மாதிரிதான்: மூடி 1 பார் அளவுக்கு அழுத்தத்தை அடைத்து வைத்திருக்கிறது, அதனால் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் அழுத்தம் விழுந்து மொத்தமும் கொதித்து முகத்தில் பீறிடும். துணியைப் போட்டுத் திருகினாலும் வெந்துவிடும். பல புது மாடல்களில் ரேடியேட்டரில் மூடியே கிடையாது, பிளாஸ்டிக் டப்பாவே அழுத்தத்தில் இருக்கிறது. வெறும் டப்பாதானே என்று அதைத் திறப்பதுதான் பெரிய ஆபத்து. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் பாருங்கள். அளவு டப்பாவின் வெளியிலிருந்தே தெரியும், தெரியாவிட்டால் போன் டார்ச்சைப் பின்னால் பிடியுங்கள்.

இனி தண்ணீர். போர்வெல், டேங்கர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீருக்கு இன்னொரு குறை, பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மூடியின் அழுத்தம் இல்லாவிட்டால் இங்கே அது 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாதி கூலன்ட், பாதி சுத்தத் தண்ணீர் என்ற கலவை, நல்ல மூடியோடு 125 டிகிரி வரை தாங்கும், துருவையும் தடுக்கும்.

கடையில் ரெடிமிக்ஸ் வாங்கினால் அப்படியே ஊற்றுங்கள். கான்சென்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். பேட்டரி தண்ணீர் என்று விற்பதும் அதுதான், ஆனால் பேட்டரி ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாமல் லேபிளைப் படியுங்கள். பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வகை ஒத்துப்போகாவிட்டால் உள்ளே கூழாக உறையலாம். வழியில் மாட்டிக்கொண்டால் மட்டும் ஆர்.ஓ தண்ணீர் ஊற்றி வொர்க்‌ஷாப் வரை வாருங்கள்.

மூடிய சர்க்யூட் அது. சும்மா குறையாது. நிரப்பி ஒரு மாதத்தில் மறுபடி இறங்கினால் ஓஸ், கிளிப், வாட்டர் பம்ப் எல்லாவற்றிலும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

பொம்மனஹள்ளியிலிருந்து: சில்க் போர்டு டிராஃபிக்ல மட்டும் டெம்பரேச்சர் முள் ஏறுது, ஹைவேயில சரியாயிடுது.

உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஓடும்போது காற்று ரேடியேட்டரை ஆற்றுகிறது, நிற்கும்போது ஃபேன்தான் ஆற்ற வேண்டும். ஆகவே ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு நேர்மாறாக ஏற்றத்திலும் ஹைவேயிலும் ஏறினால் அடைத்த ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பக்கம் போக வேண்டும்.

முள் ஏறும்போது ஏ.சி.யை அணைத்து, ஜன்னலை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். கொஞ்சம் வெப்பத்தை அது வெளியே எடுக்கும். சிவப்புக் கோட்டுக்குப் போனால் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரமாவது ஆற விடுங்கள், சூடான எஞ்சின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். வீடு ரெண்டு கிலோமீட்டர்தான் என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

அல்சூரிலிருந்து: பொங்கலுக்குக் குடும்பத்தோட சேலம் போறோம் அண்ணே. பிரேக் ஃப்ளூயிட் கொஞ்சம் கம்மியா இருக்கு. ஊத்திட்டுக் கிளம்பலாமா?

ஊற்றும் முன் பிரேக் பேடைப் பாருங்கள் தம்பி. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்ப ஃப்ளூயிட் இறங்கும். மெல்ல இறங்கியிருந்தால் பேட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஊற்றி நிரப்பிவிட்டு பிறகு புதுப் பேட் போட்டால் டப்பா பொங்கி வழியும். திடீரென்று இறங்கியிருந்தால் கசிவு. சக்கரங்களின் உள்பக்கம், பைப் இணைப்புகள், கிளட்ச் லைன் எல்லாம் பார்க்க வேண்டும், பல கார்களில் கிளட்சும் இதே டப்பாவில்தான் குடிக்கிறது. கசிவு இருந்தால் பயணம் வேண்டாம்.

கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதும் முக்கியம். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் நீண்ட இறக்கம், பொங்கல் நெரிசல், முழு லோடு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க்கின் சூடு ஃப்ளூயிட்டுக்கு ஏறி, கொதித்து, லைனில் ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்றிவிடுங்கள். கணவாயில் இரண்டாம், மூன்றாம் கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் விடவே கூடாது.

டாப்-அப் செய்வதானால் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு, சீல் பிரிக்காத புது பாட்டிலை ஊற்றுங்கள். போன வருடம் திறந்த பாட்டில் ஈரத்தைக் குடித்திருக்கும். மூடியில் எந்த டாட் எண் போட்டிருக்கிறதோ அதே வகை. சிலிகான் வகையான டாட் 5 இதோடு சேராது. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், துடைத்தால் மட்டும் போதாது.

இந்திரா நகரிலிருந்து: பவர் ஸ்டீயரிங் ஆயில், கியர் ஆயில் எங்கே பார்ப்பது?

இப்போது வரும் சின்ன கார்களில் பெரும்பாலும் ஸ்டீயரிங் மின் மோட்டாரில் இயங்குகிறது, அதற்கு ஆயிலே இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பலவற்றில் டிப்ஸ்டிக் கிடையாது, குறிப்பிட்ட வெப்பநிலையில் வொர்க்‌ஷாப்பில்தான் பார்க்க முடியும். கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்கான சி.வி.டி.க்கு அதற்கென்று உள்ள ஆயில் மட்டுமே. மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்கும் ஏ.எம்.டி என்றால் கியரை மாற்றும் ஹைட்ராலிக் பகுதிக்குத் தனி டப்பா இருக்கலாம், சர்வீஸில் அதையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ஜாலஹள்ளியிலிருந்து: நானே வீட்டு வாசல்ல ஆயில் மாத்தலாமா? பழைய ஆயிலை என்ன செய்யுறது?

காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், இரும்பு ஸ்டாண்டுகள் இல்லாமல் இந்த வேலையே வேண்டாம். பழைய ஆயிலை டப்பாவில் அடைத்து, சேகரித்து அனுப்பும் வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் மழைநீர் ஓடும் ராஜகால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகும். பழைய கூலன்ட்டையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும். அது இனிக்கும், தெருநாய் நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து, சிந்திய இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ராமமூர்த்தி நகரிலிருந்து: காலையில கார் நின்ன இடத்துல ஏதோ சொட்டியிருக்கு. எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரவில் காருக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்துவிடுங்கள். எந்த இடத்துக்கு நேராகச் சொட்டியது என்று காலையில் அட்டையே காட்டும். நிறமில்லாத, வாசனையில்லாத தண்ணீர் முன்சீட் பக்கம் விழுந்திருந்தால் அது ஏ.சி. தண்ணீர். பழுப்போ கருப்போ, பிசுபிசுப்பாக எஞ்சினுக்கு நேர்கீழே என்றால் எஞ்சின் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று கலர் தெரிந்து வழுக்கினால் கூலன்ட். இவை இரண்டுக்கும் அளவைப் பார்த்து, நிரப்பி, அதே வாரம் வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சக்கரத்தின் உள்பக்கத்துக்கு நேராக, தெளிந்த மஞ்சளாகச் சொட்டியிருந்தால் பிரேக் ஃப்ளூயிட். பெடல் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காரை எடுக்காமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.