பருவங்கள் எப்படி வருகின்றன? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

உப்புவெளி மாணவி: சேர், பூமி சூரியனுக்குக் கிட்டப் போனால் கோடை, தூரப் போனால் குளிர் என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னாள். சரியா?

சரியில்லை பிள்ளை. பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி முதல் வாரத்தில், ஏறக்குறைய 14 கோடி 70 லட்சம் கிலோமீற்றரில். மிகத் தூரம் போவது ஜூலை முதல் வாரத்தில், 15 கோடி 20 லட்சத்துக்கு. தூரம்தான் காரணம் என்றால் ஜனவரியில் ரொறன்ரோவில் பனி கொட்டுமா? அதே ஜனவரியில் மெல்பேணில் இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கு வெயில் கொளுத்துகிறது. ஒரே பூமி, ஒரே தூரம்.

காரணம் சரிவு. பூமி சுழலும் அச்சு 23.4 பாகை சரிந்திருக்கிறது. அது ஆண்டு முழுக்கத் துருவ நட்சத்திரத்தின் பக்கமே பார்த்திருப்பதால், ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்து நிற்கிறது, டிசம்பரில் தென்பாதி. சாய்ந்து நிற்கும் பாதிக்கு வெயில் செங்குத்தாக விழும், பகலும் நீளும். கோடை என்பது இந்த இரண்டும்தான்.

மூதூர் ஆசிரியை: இதைப் படம் கீறாமல் பிள்ளைகளுக்குக் காட்ட வழி உண்டா ஐயா?

உண்டு ரீச்சர், பள்ளி முற்றமே போதும். ஒரு மீற்றர் தடியை நிமிர்த்தி நட்டு, நடுப்பகல் நிழலை மாதம் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். டிசம்பர் 21 அளவில் நிழல் வடக்கே விழும், 62 சென்ரிமீற்றர் வரும். பிறகு மாதாமாதம் சுருங்கும். ஏப்ரல் 12 அளவில், 12 மணி தாண்டி ஐந்தாறு நிமிடத்தில், தடிக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்: நிழல் தெற்கே விழத் தொடங்கும்! ஜூன் 21இல் தெற்கே 26 சென்ரிமீற்றர் வரை போய்த் திரும்பும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் நிழல் காணாமல் போகும். பனிமனிதன் படம் போட்ட நான்கு பருவப் பாடத்தைவிட இது எங்கள் பிள்ளைகளுக்கு ஆயிரம் மடங்கு பெறுமதி என்பேன்.

நிலாவெளி வாசகர்: ஏப்ரலில் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டால், பிறகு ஏன் மே, ஜூனிலும் இப்படிக் காய்கிறது?

கச்சான் காற்று தம்பி. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறுகிறது. ஈரம் போய், சூடு மட்டும் வந்து சேருகிறது. சூரியனும் அந்த மாதங்களில் உச்சியைவிட்டு 15 பாகைக்கு மேல் விலகுவதில்லை.

கடற்றொழிலாளர் ஒருவர்: அப்போ மார்கழி வாடைக்கும் இந்தச் சரிவுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு அண்ணன். வடபாதி விலகி நிற்கும்போது ஆசியப் பெருநிலம் குளிர்ந்து, அங்கே காற்றழுத்தம் கூடுகிறது. அங்கிருந்து புறப்படும் காற்று வங்காள விரிகுடா முழுக்க ஈரம் குடித்து வடகிழக்கிலிருந்து எங்கள் கரையில் ஏறுகிறது. கந்தளாய்க் குளம் நிரம்புவதும், பெரும்போகம் விளைவதும், நீங்கள் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவைப்பதும் அதனால்தான். பூமியின் சரிவு எங்களுக்கு வெயிலாக வருவதைவிடக் காற்றாகத்தான் வருகிறது.

தம்பலகாமம் வாசகி: தைப்பொங்கல் அன்றுதானே சூரியன் வடக்கே திரும்புகிறது?

வானத்தில் திருப்பம் நடப்பது டிசம்பர் 21, 22இல் அக்கா. கோணேசர் மலையிலிருந்து கடலைப் பார்த்தால் தெரியும்: அந்த நாட்களில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை தெற்கே உதிக்கும், பிறகு வடக்கே நகரும். எங்கள் பஞ்சாங்கம் ராசியை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் மகர ராசிப் பிரவேசமும் இந்தத் திருப்பமும் ஒன்றாகவே வந்தன. பூமியின் அச்சு பம்பரத் தலைபோல 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று மெல்ல ஆடுவதால் இரண்டும் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பிரிந்துவிட்டன. முன்னோர் கண்ணால் பார்த்து எழுதிய கணக்கு அது. பிழை என்று தள்ளிவிட வேண்டாம்.

கிண்ணியா வாசகர்: இங்கே பகல் நீளம் எவ்வளவு மாறும்?

ஜூனுக்கும் டிசம்பருக்கும் ஒரு மணித்தியாலம்தான். ரொறன்ரோவில் ஆறரை மணித்தியாலம்.