கோல நோட்டை ஒளித்து வைக்கிறேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 47. சென்ற ஆண்டு புற்றுநோய்க்காக வலது மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் அகற்றினார்கள். பிறகு கீமோ முடிந்தது. மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் என்பதால், சொந்தக்காரர்களிடம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றே சொல்லி வைத்திருக்கிறோம். சிறு வயது முதல் புள்ளிக் கோலங்களை நோட்டில் வரைந்து சேர்த்து வருகிறேன். இப்போது விரல் நுனிகள் மரத்துப்போனதால், கோலமாவை எவ்வளவு எடுக்கிறேன் என்பதே தெரிவதில்லை, இழை கோணுகிறது. ஆனாலும் எல்லோரும் தூங்கிய பின் அந்த நோட்டை எடுத்து, புள்ளிகளுக்கு நடுவே மனதில் வருவதை எழுதுகிறேன். ஒருநாள் அதைப் பார்த்த என் கணவர், "முடிஞ்சதையே ஏன் கிளறிக்கிட்டு இருக்க?" என்றார். அன்று முதல் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறேன். மருத்துவமனையில் மாதம் ஒருமுறை நோயாளிகள் கூடிப் பேசும் குழுவுக்கு என்னையும் அழைக்கிறார்கள். ஆனால் கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்த அக்கா சித்திரையில் இறந்துவிட்டார். அங்கே போனால் இன்னும் எத்தனை பேரை இழக்க வேண்டுமோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் முடிந்ததாகச் சொல்வது சிகிச்சையை. வீட்டில் சொல்ல இடமில்லாத பயமும் துக்கமும் உங்களுக்கு இன்னும் முடியவில்லை; அவற்றைத்தான் நோட்டில் இறக்கி வைக்கிறீர்கள். அதில் தவறேதும் இல்லை.

1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் அமெரிக்க உளவியலாளர், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். மனதை உலுக்கிய நிகழ்ச்சியையும் அதனால் தாம் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த உடனே கூடுதல் சோர்வடைந்தாலும், அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே போனார்கள். புற்றுநோயாளிகளிடையே நடந்த பிந்தைய ஆய்வுகளில் பலன் ஒரே மாதிரி இல்லை. எனவே இதை மருந்தாக எண்ண வேண்டாம். எழுதிய உடனே வரும் அந்தப் பாரத்தோடு தூங்கப் போகாமல், பகலில் கால் மணி நேரம் எழுதுங்கள். நாட்கணக்கில் மனம் கனத்தே இருந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு வெறும் கோலம் வரையுங்கள்; அது கோணலாக இருந்தால் இருக்கட்டும். விரல் மரத்திருப்பதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். பலருக்கு அது மெல்லக் குறையும். அதுவரை தடித்த ஸ்கெட்ச் பேனா பிடிக்க எளிது, சூடான பாத்திரத்தில் கவனம் தேவை.

குழுவைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். மார்பகப் புற்று உடலில் பரவிய பெண்கள் வாரந்தோறும் கூடிப் பேசியபோது அவர்களின் ஆயுளே கூடியதாக 1989இல் ஓர் ஆய்வு சொன்னது. 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் நடந்த ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் மனவேதனையும் வலியும் குறைந்ததை, குறிப்பாகத் தொடக்கத்திலேயே அவை அதிகம் இருந்தவர்களிடம், அந்த ஆய்வும் கண்டது. எனக்கு அதுவே போதுமான காரணமாகத் தெரிகிறது.

குழுவில் இழப்பு வரும் என்ற உங்கள் பயம் உண்மையானது. வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அக்காவை நீங்கள் தனியாகத்தானே இழந்தீர்கள்? அவர் யார், எங்கே பழக்கம் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் சொல்ல முடியாததால், அவருக்காக வாய்விட்டு அழக்கூட உங்களுக்கு வழியில்லாமல் போயிருக்கும். அவரை அறிந்தவர்கள் அந்தக் குழுவில் இருக்கக்கூடும். போவதற்கு முன், ஒருவர் இறந்தால் அதைப் பற்றி அங்கே பேசுவார்களா என்று நடத்துபவரிடம் கேளுங்கள். பேசுவோம் என்றால் ஒருமுறை போய், வாசல் பக்கமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். முதல் நாளே பேசியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. குடும்பத்தாரையும் அனுமதித்தால், இரண்டாவது முறை கணவரை அழைத்துச் செல்லுங்கள். அவரும் இந்த ஒரு வருடத்தை யாரிடமும் சொல்லாமல்தான் கடந்திருக்கிறார்.

உறக்கமின்மையோ, எதிலும் பிடிப்பற்ற நிலையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்து உங்கள் அலமாரியில் வையுங்கள். அது உங்களுடையது, கேட்காமல் யாரும் திறக்கக் கூடாது என்று வீட்டில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.