காரை டீலர் வாசலில் நிறுத்திவிட்டால் திருப்பிக் கொடுத்ததாகுமா?

கேள்வி: அப்பச்சியின் அறுபதாம் சாந்திக்கு முன்னால் வாங்கிவிட வேண்டும் என்று, காரைக்குடியில் பழைய கார் விற்கும் டீலர் ஒருவரிடம், அம்மான் சொன்னதை நம்பி, ஒன்பது ஆண்டு ஓடிய டீசல் காரை ரூ.4,20,000-க்கு வாங்கினேன். ரூ.3,60,000-க்கு ரசீது உண்டு. மீதியை ரொக்கமாகக் கொடுத்தேன். ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. ஃபைனான்ஸ் கடனும் இருக்கிறது. பதினோராம் நாள் பிள்ளையார்பட்டிக்குப் போகும் வழியில், குன்றக்குடி அருகே இன்ஜின் சூடேறி நின்றது. டீலரின் மெக்கானிக் சரிசெய்தும் இருமுறை மறுபடி நின்றது. பத்து நாட்களுக்கு முன் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டபோது, மூன்றாண்டுக்கு முன்பே 1,18,000 கி.மீ. ஓடிய கார் என்று தெரிந்தது. எனக்கு விற்றபோது மீட்டரில் 62,000. வாட்ஸ்அப்பிலும் அப்படியே எழுதியிருக்கிறார். "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்று ஊர்க்காரர்கள் முன்னால் அவமானப்படுத்தினார். ரூ.3,00,000 தருவதாக அம்மானிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். சாவியோடு காரை அவர் வாசலில் நிறுத்திவிட்டு முழுப் பணத்துக்கும் வழக்குப் போடலாமா?
— தேவகோட்டை வாசகர்

பதில்: கடிதத்தின் பெரும்பகுதி இன்ஜினைப் பற்றியும் பட்ட அவமானத்தைப் பற்றியும் இருக்கிறது. உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அவை இரண்டும் வழக்கைத் தாங்காது. ஒன்பது ஆண்டு ஓடிய டீசல் காரின் இன்ஜின் பழுதாவது வாங்கியவரின் பொறுப்பு என்றே எதிர்த்தரப்பு வாதிடும். பழுது தெரிந்த பிறகும் சரிசெய்து ஓட்டியிருப்பதால், சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 42-ஆவது பிரிவின்படி காரை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்பார்கள். அந்த வாதத்தை முறியடிப்பது எளிதல்ல.

உங்கள் வழக்கு மீட்டரில்தான் இருக்கிறது. 62,000 என்று எழுத்தில் சொல்லி விற்ற கார் அதற்கு முன்பே 1,18,000-ஐத் தாண்டியிருந்தது என்றால், அது தேய்மானம் அல்ல, பொய்க்கூற்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அதை முறையற்ற வணிக நடைமுறையாகக் கருத இடம் தருகிறது. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாக எழுதிக் கொடுத்தவர், "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்று சொல்லித் தப்புவது கடினம். முந்தைய உரிமையாளர்தான் மீட்டரைத் திருப்பினார், எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லக்கூடும். சர்வீஸ் பதிவைக் கேட்டுப் பார்க்கும் வழி கார் வியாபாரமே தொழிலாகக் கொண்ட அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும் என்பதே அதற்குப் பதில். அந்தப் பதிவை செல்போன் படமாக வைத்திருக்காமல், சர்வீஸ் நிலையத்தின் முத்திரையோடு தாளில் வாங்குங்கள்.

ஆனால் உண்மை தெரிந்து பத்து நாட்களாகின்றன. இந்தப் பத்து நாட்களும் காரை ஓட்டினீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஏமாற்றப்பட்டது தெரிந்த பிறகும் ஒருவர் அதே காரில் கோயிலுக்கும் கடைக்கும் போய்வந்தால், விற்பனையை அவரே உறுதிசெய்தார் என்று வாதிட இடம் கொடுக்கிறார். இன்றோடு நிறுத்துங்கள். காரை நிராகரிப்பதாகவும் பணத்தைத் திரும்பக் கோருவதாகவும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

இனி, வாசலில் நிறுத்திவிடும் யோசனைக்கு வருகிறேன். என் அனுபவத்தில் நல்ல வழக்குகள் பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்ற உறுதியில் கட்சிக்காரர் ஒருவர் காரைச் சாவியோடு டீலரின் வளாகத்தில் விட்டுவிட்டு, ரசீது எதுவும் வாங்காமல் வீட்டுக்குப் போனார். காரைப் பரிசோதிக்க உத்தரவு கிடைப்பதற்குள் மாதங்கள் ஓடின. கார் அங்கேயே இருந்தது, ஆனால் மீட்டர் போர்டு மாற்றப்பட்டிருந்தது. கொண்டுவந்தபோதே அப்படித்தான் இருந்தது என்று டீலர் சொன்னார். இல்லை என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. வழக்கின் ஒரே சாட்சியை எதிராளியின் கையில் நாமே கொடுத்திருந்தோம்.

ஆபத்து அதோடு முடிவதில்லை. ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை, சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. வளாகத்தில் வேலை செய்யும் பையன் யாராவது அந்தக் காரைத் திருச்சி சாலையில் ஓட்டிப்போய் ஒருவர்மீது மோதிவிட்டால், விபத்து இழப்பீட்டு மனுவில் உங்கள் பெயர்தான் இருக்கும். ஓட்டியவரிடம் உரிமமோ காருக்குக் காப்பீடோ இல்லையென்றால், தொகை உங்கள் தலையில் விழக்கூடும். கடன் கொடுத்த ஃபைனான்ஸுக்கும் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். கோபத்தில் தவணையையும் நிறுத்திவிடாதீர்கள். அது தனி ஒப்பந்தம், டீலர் செய்த பிழை அதற்குச் சமாதானமாகாது.

இவ்வளவு ஆபத்தையும் விலைக்கு வாங்கத் தேவையே இல்லை. நிராகரித்த சரக்கைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வாங்கியவருக்கு இல்லை. நிராகரிக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும் என்று அதே 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே கார் உங்கள் வீட்டுக் கொட்டகையில் பூட்டியே இருக்கட்டும். மீட்டர் எண் தெரியும்படி, தேதியோடு படமெடுத்து வையுங்கள். உங்கள் மெக்கானிக்கை விட்டு இன்ஜினை இறக்கவும் வேண்டாம்; பிரித்துப்போட்ட இன்ஜினைப் பரிசோதிக்கும் நிபுணரால் யார் கையால் எது கெட்டது என்று சொல்ல இயலாது.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப்போடலாம். ரூ.5,00,000 வரை கட்டணம் இல்லை, கெடு இரண்டு ஆண்டு. பரிசோதனை தேவைப்படும் மனுவை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், அதன்பின் மேல்முறையீடும் உண்டு. அதுவரை ஓடாத காருக்கு நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். ரசீதில்லாத ரூ.60,000-ஐ ஆணையத்தில் மெய்ப்பிப்பது மிகக் கடினம். அது போனதாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஆகவே என் ஆலோசனை சமரசம்தான். நோட்டீஸை அனுப்பிவிட்டு, சர்வீஸ் பதிவின் நகலை அம்மான் மூலமாகவே டீலரிடம் காட்டச் சொல்லி, ரூ.3,50,000 கேளுங்கள்; ரூ.3,30,000-க்கு இறங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சு நடக்கிறது என்பதற்காக மட்டும் நோட்டீஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

சமரசத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. "ஃபாரத்தில் கையெழுத்தை மட்டும் போடுங்க, பணம் நாளைக்கு வந்துடும்" என்பார்கள். உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ நிரப்பாமல் வெற்றாக வைத்துக் கையெழுத்திடாதீர்கள். கடன் நிலுவையை டீலர் நேரடியாக ஃபைனான்ஸில் கட்டி, தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35-உம் வாங்க வேண்டும். மீதித் தொகை உங்கள் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். அவர் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற்ற டீலராக இருந்தால், 1.4.2023 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, காரைப் பெற்றுக்கொண்டதைப் படிவம் 29-சி மூலம் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். அங்கீகாரம் இல்லாதவர் என்றால், வாங்குபவர் பெயரை நிரப்பிய படிவங்களோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவாகி, அதன் ஒப்புகை உங்கள் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.