கேள்வி–பதில்: பிழையும் இல்லை, மாற்றமும் இல்லை

கேள்வி: டாட்நெட்டில் தரவுத்தளத்தோடு பேச உதவும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் ஒரு கான்டெக்ஸ்டில் (தரவுத்தள அமர்வுக்கான ஆப்ஜெக்ட்) வாடிக்கையாளர் பதிவை எடுத்து, அந்தக் கான்டெக்ஸ்டை மூடிவிட்டு மின்னஞ்சலை மாற்றுகிறேன். வேறொரு கான்டெக்ஸ்டில் சேவ்சேஞ்சஸ் (மாற்றங்களைச் சேமிக்கும் மெத்தட்) அழைத்தால் பிழையும் வருவதில்லை, தரவும் மாறுவதில்லை. படிவத்திலிருந்து வரும் ஆப்ஜெக்டை கான்டெக்ஸ்டின் அப்டேட் மெத்தடுக்குக் கொடுத்தால் மின்னஞ்சல் மாறுகிறது, ஆனால் தொலைபேசி எண் காலியாகிவிடுகிறது. ஒரே கான்டெக்ஸ்டைச் சிங்கிள்டனாக (செயலி முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக) வைத்துக்கொள்ளலாமா?

பதில்: சிங்கிள்டன் மட்டும் வேண்டாம். முதலில் உங்கள் சிக்கலைப் பார்ப்போம்.

பதிவை எடுத்துத் தந்த கான்டெக்ஸ்ட்தான் அதன் பழைய மதிப்புகளைப் பிரதி எடுத்து வைத்திருக்கும். சேமிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கும். அதை மூடினால் பிரதியும் போய்விடும். புதிய கான்டெக்ஸ்டுக்கு உங்கள் ஆப்ஜெக்ட் முன்பின் தெரியாத ஆள். அதனால் சேவ்சேஞ்சஸ், எழுதிய பதிவுகளின் எண்ணிக்கையாக 0 என்று திருப்பித் தருகிறது. அந்த எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை.

அப்டேட் எல்லா நெடுவரிசைகளையும் மாறியதாகக் குறித்துவிடும். படிவத்தில் தொலைபேசி இல்லையென்றால் நல் (NULL, அதாவது வெற்று மதிப்பு) என்றே எழுதப்படும்.

சேமிக்கும் கோரிக்கையிலேயே ஃபைண்ட்அசிங்க் (FindAsync) மூலம் பதிவை மறுபடி எடுங்கள். மின்னஞ்சலை மட்டும் மாற்றி, அதே கான்டெக்ஸ்டில் சேவ்சேஞ்சஸ்அசிங்க் அழையுங்கள். கூடுதலாக ஒரு செலக்ட் வினவல் ஓடும். முதன்மைச் சாவி வழித் தேடல்தான், பயமில்லை. இடையில் வேறொருவர் திருத்தியிருந்தால் பிடிக்க ரோவெர்ஷன் நெடுவரிசை (வரிசை திருத்தப்படும்போதெல்லாம் தானே மாறும் மதிப்பு) வைத்திருக்கிறீர்களா? படிவத்தோடு போய்த் திரும்பிய மதிப்பை அந்தப் பண்பின் ஒரிஜினல்வேல்யூவில் (கான்டெக்ஸ்ட் வைத்திருக்கும் பழைய மதிப்பு) போடுங்கள். நடப்பு மதிப்பில் போட்டால் பயனில்லை: எஸ்க்யூஎல் அப்டேட் கட்டளையின் WHERE (நிபந்தனை) பகுதிக்கு ஒரிஜினல்வேல்யூதான் போகிறது. பலர் சறுக்கும் இடம் இது.

இப்போது சிங்கிள்டன். கான்டெக்ஸ்ட் பல திரெட்களைத் தாங்காது. முந்தைய வேலை முடியுமுன் இரண்டாவது தொடங்கினால் பிழை எறியும். ஏற்கெனவே கண்காணிப்பில் உள்ள பதிவை மறுபடி வினவினாலும் பழைய மதிப்பே கையில் வரும். எடுத்த பதிவெல்லாம் நினைவகத்தில் தங்கும். கான்டெக்ஸ்டைச் செயலியில் பதிவு செய்யும் ஆட்டிபிகான்டெக்ஸ்ட் (AddDbContext) இயல்பாகவே கோரிக்கைக்கு ஒன்று என்று தருகிறது, அதை மாற்றாதீர்கள்.

கேள்வி: பின்னணிச் சேவையில் கோரிக்கையே இல்லையே, அங்கே என்ன செய்வது?

பதில்: ஆட்டிபிகான்டெக்ஸ்ட்ஃபேக்டரி (AddDbContextFactory) மூலம், கான்டெக்ஸ்ட் உருவாக்கித் தரும் ஃபேக்டரியைப் பதிவு செய்து (என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 5ஆம் பதிப்பு முதல் உண்டு), ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபேக்டரியிலிருந்து புதிய கான்டெக்ஸ்ட் வாங்குங்கள். வேலை முடிந்ததும் கான்டெக்ஸ்டைத் தானே மூடும் அவெய்ட் யூசிங் (await using) மறக்கவேண்டாம். ஃபேக்டரி தந்ததை கன்டெய்னர் (செயலியின் சேவைகளை உருவாக்கித் தரும் பகுதி) மூடாது, நீங்கள்தான் மூடவேண்டும்.