சார்ஜரை விடுங்கள், செட்டாப் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: சார்ஜர், டிவி எல்லாம் ஸ்விட்சை அணைக்காமல் அப்படியே விட்டால் கரண்ட் பில் ஏறுமா? என் வீட்டுக்காரர் இதற்காகத் தினமும் சண்டை போடுகிறார்.

உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆள்தான் நானும், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பத்து வருஷமாக வீட்டில் யார் சார்ஜரைச் சொருகியபடி விட்டாலும் கத்துவேன். மகள் காலேஜுக்குக் கிளம்பும்போது பையை மாட்டிக்கொண்டு, "அப்பா, சார்ஜரை எடுத்துட்டேன், கத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுவாள். அப்படி இருந்தவனுக்கு 2023 ஏப்ரலில் 506 யூனிட் பில் வந்தது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 506 என்றால் என்ன என்று புரியும். புரியாதவர்களுக்கு: அப்போது இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 பாதி விலை. 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும், தாண்டிய யூனிட்டுக்கும் விலை கூடுதல். அப்போதைய கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 506 யூனிட்டுக்கு 1,998 ரூபாய். ஆறே யூனிட்டுக்கு 273 ரூபாய்! 2024 ஜூலையில் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது, 500-க்கு அப்புறம் வருகிற அந்தக் குழி மட்டும் அப்போதும் அப்படியே இருந்தது.

"273 ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு, கஞ்சப் பிசினாறி" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். தண்டத்துக்குக் கட்டுகிற காசு ஒரு ரூபாயானாலும் எனக்கு எரியும்.

அது எங்கிருந்து வந்த எரிச்சல் என்றும் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர் வருவதற்கு முன் சென்னையில் நாலு வருஷம் வாடகைக்கு இருந்தோம். இரண்டு மாடிக்கும் ஒரே சர்வீஸ், எங்களுக்கு ஒரு சப் மீட்டர். வீட்டு ஓனர் மாதம் ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு ஒரு நோட்டோடு வந்து நிற்பார். முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய். அந்த இலவச 100 யூனிட் யார் கணக்கில் போகிறது என்று ஒரு தடவை கேட்டேன், "இஷ்டம் இல்லேன்னா வேற வீடு பாத்துக்கங்க" என்றார். அது போக மோட்டாருக்கு 300, கூட்டுவதற்கு 200. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று அட்வான்சில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார், சுவரில் ஒரு ஆணி கூட நாங்கள் அடித்ததில்லை. சரி, அதை எழுதினால் விடிந்துவிடும்.

பில் வந்த அன்று ராத்திரி மைத்துனன் வந்திருந்தான், எலக்ட்ரிக்கல் படித்தவன். நான் சார்ஜர் புராணத்தை ஆரம்பித்ததும், "மாமா, சும்மா கத்தாதீங்க, மீட்டரைப் போய் எண்ணிப் பாருங்க" என்றான். நம் வீட்டு டிஜிட்டல் மீட்டரில் சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், கவனித்திருப்பீர்கள். முகப்பில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் இருக்கும். அத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட். எங்களுடையது 3200.

பதினொரு மணிக்கு ஃபேன், லைட், ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கையில் டார்ச்சும் செல்போன் ஸ்டாப் வாட்சுமாக மீட்டர் பெட்டிக்கு முன் நின்றேன். வீட்டில் எதுவுமே ஓடவில்லை, ஆனால் விளக்கு 19 விநாடிக்கு ஒரு தரம் பளிச்சென்றது. மைத்துனன் கணக்குப் போட்டான்: 59 வாட். கொசு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே, "59 வாட் ஒரு குண்டு பல்புதானேடா" என்றேன். "அந்தக் குண்டு பல்பு ராத்திரி பகலா ரெண்டு மாசம் எரியுது மாமா, 85 யூனிட்" என்றான்.

அப்புறம் ஒவ்வொன்றாக அணைத்து மறுபடி எண்ணினோம். முதலில் நான்கு சார்ஜரையும் உருவினேன், பெருமையாக. விளக்கு அதே 19 விநாடி. ஒரு விநாடி கூட அசையவில்லை. செல்போன் மாட்டாத நல்ல சார்ஜர் இழுப்பது பத்தில் ஒரு வாட் கூட இருக்காது, நான்கும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட் தேறாது. பத்து வருஷம் கத்தியது ஒரு பில்லுக்கு மூன்று நான்கு ரூபாய்க்காக. என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

செட்டாப் பாக்ஸ் 11 வாட். ரிமோட்டில் அணைத்துவிட்டோம் என்று நினைக்கிறோம், பல பாக்ஸ்களில் படம் மட்டும்தான் நிற்கிறது, உள்ளே சிக்னல் வாங்குகிற வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இது அம்மாவுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. மார்கழியில் தயிர் உறையவில்லை என்று உறை ஊற்றின தூக்கை அந்தப் பாக்ஸ் மேல் துணி விரித்து வைப்பார், விடிந்தால் கத்தியால் வெட்டலாம் போல் கெட்டித் தயிர். அந்தச் சூட்டுக்குக் காசு கட்டுவது நான் என்று எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

அடுத்தது 9 வாட், என்னுடைய ஹோம் தியேட்டர். வாங்கினது நான், பாட்டுக் கேட்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். ரவுட்டர் 7. ஏசிக்கு வைத்த ஸ்டெபிலைசர் 5, ஏசி போடாத மார்கழி தை மாதத்திலும் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. டிவி, வாஷிங் மிஷின், மைக்ரோவேவ் கடிகாரம் எல்லாம் சேர்ந்தே 5-தான். கடைசியில் இன்வெர்ட்டர் மட்டும் மிச்சம், அப்போது 50 விநாடிக்கு ஒரு மினுக்கல், 22 வாட். அதன் பிளக்கை அணைத்ததும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அது பீப் பீப் என்று கத்த, தூங்கின மகள் எழுந்து வந்து, "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு" என்றாள்.

இன்வெர்ட்டரை அணைத்து வைக்கச் சொல்ல மாட்டேன், அதை வாங்குவதே கரண்ட் போனால் உதவத்தான். பேட்டரி பழசானால் சும்மா இருக்கும்போது இழுப்பதும் கூடும், டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ரவுட்டரையும் விட்டுவிட்டேன், மகளோடு சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை. செட்டாப் பாக்ஸ் ராத்திரி பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை ஸ்விட்சோடு ஆஃப், ஹோம் தியேட்டர் எப்போதும் ஆஃப், ஸ்டெபிலைசர் ஏசி போடும்போது மட்டும். ஒரு தொந்தரவு: பாக்ஸை ஸ்விட்சில் போட்டால் படம் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. முதல் வாரம் அம்மா சீரியலின் ஆரம்பத்தை விட்டுவிட்டு, "ஏண்டா, பாதிக் கதையிலயா நான் பாக்கோணும்" என்று பிடித்துக்கொண்டார். இப்போது ஆறரைக்கே போட்டுவிட்டு விளக்கேற்றப் போகிறார்.

அடுத்த பில் 471 யூனிட், 1,551 ரூபாய். முழுக்க இதனால்தான் என்று சொன்னால் பொய். ஜூனில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்க ஆரம்பித்ததும் ஏசியும் குறைந்துவிட்டது. என் கணக்கில் ஸ்விட்சை அணைத்ததில் மட்டும் 30 யூனிட் பக்கம் வரும்.

உங்கள் வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது, வீட்டுக்காரர் உங்களைத்தான் திட்டுகிறார் என்பதால் அவர் சாமான்களில் ஏதாவது இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், அந்த மாதிரி. கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிற எதுவும் காசு தின்கிறது. சந்தேகமானால் மீட்டர் முன் நிறுத்தி அவரையே எண்ண விடுங்கள். கீசர் இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள், தண்ணீர் சேமிக்கிற கீசரை நாள் முழுக்கப் போட்டே வைத்தால் ஆற ஆறச் சூடாக்கிக்கொண்டே இருக்கும், மேலே சொன்ன பல சாமான்களையும் அது ஒன்றே தூக்கிச் சாப்பிட்டுவிடும். மாதம் 200 யூனிட் கூட வராத வீடு என்றால் இதில் பெரிசாக ஒன்றும் மிஞ்சாது, சண்டையை விட்டுவிடலாம்.

செல்போனிலிருந்தே அணைக்கிற ஸ்மார்ட் பிளக் வாங்கச் சொல்லி யாராவது எழுதுவதற்கு முன்: அதுவும் வைஃபையோடு பேசிக்கொண்டே இருப்பதால் ஒரு வாட் பக்கம் தானே தின்னும். எங்கள் டிவி ஸ்டாண்ட் செய்த ஆசாரி ஸ்விட்ச் போர்டைப் பலகைக்குப் பின்னால் மறைத்து அடித்துவிட்டார், கை போகாது. பலகையில் ஓர் ஓட்டை போட்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி ஸ்விட்ச் இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை வெளியே இழுத்து வைத்தேன். அதற்கு 350 ரூபாய், ஓட்டை போட வந்தவருக்கு 200.