பயாஃப்ரா போர்: எண்ணெயா, இனப்பகையா?

பயாஃப்ரா போருக்குக் காரணம் எண்ணெயா இனப்பகையா என்று உங்கள் கட்டுரையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கட்டுரை முட்டி நிற்பதே அங்கேதான். 1967-இல் நைஜீரியாவில் வெடித்தது, மத்தியில் அதிகாரமும் வருவாயும் யார் கையில் என்ற தகராறு. விடுதலையின்போது இருந்த வடக்கு, மேற்கு, கிழக்கு என்ற மூன்று மாகாணங்களில் வடக்கு மட்டும் மற்ற இரண்டையும் சேர்த்தாலும் பெரிது. அந்த ஏற்பாடே பயத்தை வளர்த்தது.

தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்:

1. 1966 ஜனவரி, ஜூலை: இரண்டு ராணுவப் புரட்சிகள். கிழக்கைப் பூர்வீகமாகக் கொண்ட இக்போ இன மக்கள் வடக்கில் படுகொலை.
2. 1967 ஜனவரி: கானாவின் அபூரியில் மத்திய அரசும் கிழக்கும் பேசிச் செய்த ஒப்பந்தம். பிறகு அதை ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள்.
3. மே 27: ராணுவ ஆட்சித் தலைவர் கோவோன் நாட்டை 12 மாநிலங்களாகப் பிரிக்கிறார்.
4. மே 30: கிழக்கின் ராணுவ ஆளுநர் ஒஜுக்வு பிரிவினையை அறிவிக்கிறார்; கிழக்குக்கு வைத்த பெயர்தான் பயாஃப்ரா.

மூன்றாவதில் கொஞ்சம் நில்லுங்கள். கிழக்கு மூன்றாக உடைந்ததில் இக்போ மாநிலத்துக்குக் கடற்கரை இல்லை. போர்ட் ஹார்கோர்ட் துறைமுகமும் கிழக்கின் எண்ணெயில் பெரும்பகுதியும் ரிவர்ஸ் மாநிலத்துக்குப் போயின. எண்ணெய் கதைக்குள் நுழைவது இப்படித்தான். ஆனால் உயிர் தப்பிக் கிழக்கே ஓடிவந்த மக்கள் பிரிவினையை ஆதரித்ததற்கு எண்ணெய் காரணமில்லை, படுகொலைதான்.

ஒரு எச்சரிக்கை: பல இனங்கள் இருந்தால் நாடு உடையும் என்று எல்லா நாட்டுக்கும் சூத்திரமாக்காதீர்கள். பெரும்பாலோர் ஒரே மொழியும் ஒரே மதமும் கொண்ட சோமாலியாவில்தான் 1991-இல் அரசே சரிந்தது.

எதிர்காலம் பற்றிய பகுதிக்கு நைஜீரியாவின் 1979 அரசியல் சட்டத்தை எடுங்கள்: ஒரே பகுதியின் ஆதரவில் யாரும் ஜெயிக்க முடியாதபடி, குடியரசுத் தலைவராக மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் தலா கால்பங்கு வாக்காவது வாங்க வேண்டும்.