கேள்வி-பதில்: ஐந்து ஸ்டார் போட்டவர் சட்னி அரைத்தாரா?

4.4 ஸ்டார் பார்த்துத்தான் மிக்ஸி வாங்கினேன். இரண்டே மாசத்தில் சின்ன ஜார் அடியில் கசிகிறது. அத்தனை பேர் எப்படிப் பாராட்டினார்கள்?
– வாசகி, திருச்சி

அத்தனை பேரில் அரைத்துப் பார்த்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். "டெலிவரி சூப்பர், பேக்கிங் அருமை, இன்னும் யூஸ் பண்ணல." இதற்கு ஐந்து ஸ்டார்! மார்க் மிக்ஸிக்கா, கொண்டுவந்த பையனுக்கா? போதாததற்குப் பெட்டிக்குள்ளேயே ஒரு சீட்டு இருக்கும், ஐந்து ஸ்டார் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் நூறு ரூபாய் என்று. காசு கொடுத்து எழுத வைத்ததைப் போடக் கூடாது என்று 2022 நவம்பரிலேயே ஆன்லைன் விமர்சனங்களுக்கான ஐஎஸ் 19000 என்ற இந்தியத் தரநிலை வந்தது, ஆனால் இஷ்டப்பட்டவர்கள் கடைப்பிடிக்கலாம் என்ற அளவில்தான் வந்தது. நான் இரண்டு, மூன்று ஸ்டார் போட்டவர்களைத்தான் படிப்பேன், அதுவும் ஆறு மாசம் ஓட்டிவிட்டு எழுதியவர்களை. ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்தது, சர்வீஸ்காரர் வராதது எல்லாம் அங்கேதான் இருக்கும். சரி, உங்கள் ஜார். வாரண்டி இருக்கும்போதே மாற்றிக் கேளுங்கள். 'ஐந்து வருஷம்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும்.

ரொட்டி மேக்கர் வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

என் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது. சப்பாத்தி கேட்டால் அப்பளம் தரும். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

10,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5,000 எம்ஏஎச் போனை ஒரு தடவைதான் நிரப்புகிறது. போலியா?
– மாணவர், நெல்லை

இல்லை. 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது 6,000 பக்கம்தான் தேறும். பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி', அதாவது வெளியே கிடைக்கும் அளவு, என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

பாதி விலைக்கு வாங்கிய குக்கரில் விசில் வருவதற்குள் மூடி ஓரமாக ஆவி போகிறது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லை, பில்லும் வாங்கவில்லை.
– வாசகர், ஈரோடு

வேறு எதைத்தான் பார்த்து வாங்கினீர்கள்? குக்கருக்கு ஐஎஸ்ஐ 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். அதை இனி அடுப்பில் வைக்காதீர்கள்.

ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய டிவியில் பன்னிரண்டாம் நாள் திரையில் கோடு. கடையில் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார்கள், கம்பெனியோ நாங்கள்தான் இடித்துவிட்டோம் என்கிறது.
– வாசகர், கும்பகோணம்

ஐயா, இனி நீங்கள் அலைய வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். கடை, கம்பெனி இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள்; இடிபட்டிருந்தால் அந்த இடத்திலிருந்து விரிசல் ஓடியிருக்கும்.